ஸ்டாண்ட்பை இல்லாத பம்ப்

இதயத்தைப் படம் எடுக்கும் எக்கோ அறையில் வேலை பார்ப்பவளுக்கு ஊரில் பாதிப் பேரைச் சட்டை இல்லாமல் பார்த்தால்தான் அடையாளம் தெரியும். மெயின் பஜாரில் தக்காளி பொறுக்கிக்கொண்டிருப்பேன். ஒருவர் வந்து, "சிஸ்டர், சௌக்கியமா?" என்பார். முகம் பிடிபடாது. இதயத்தின் இடது கீழறை கொஞ்சம் தடித்தவர் என்று யாராவது சொன்னால் உடனே பெயரும் குவார்ட்டர்ஸ் இருக்கும் பிளாக்கும் ஞாபகம் வந்துவிடும். உண்மையில் நான் சிஸ்டர் இல்லை, டெக்னீஷியன். இதைத் திருத்துவதை வேலைக்குச் சேர்ந்த புதிதிலேயே கைவிட்டுவிட்டேன்.

நெய்வேலி டவுன்ஷிப்பில் ஓர் ஆஸ்பத்திரி. இரண்டாயிரத்துப் பதினான்கு, பதினைந்து வாக்கில் நடந்தவை இவை. நெஞ்சின் மேல் ஒரு கருவியை வைத்து அழுத்தினால் இதயம் திரையில் அசைந்துகொண்டே தெரியும். படம் எடுப்பது நான். பார்த்து முடிவு சொல்வது டாக்டர். வந்தவர்களைச் சட்டையைக் கழற்ற வைத்து, இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்க வைப்பது தனம் அக்கா. அக்காவுக்கு வடலூர்ப் பக்கம். பல வருடம் கான்ட்ராக்டில் இருந்து பர்மனன்ட் ஆனவர். அவர் "மூச்சப் புடிங்க" என்றால் பெரிய அதிகாரியும் பிடிப்பார், "விடுங்க" என்று சொல்லும்வரை விடவும் மாட்டார். ரேஷன் கடைக்காரர்களே, பஸ் கண்டக்டர்களே, எங்களைப் போல ஒரே கேள்விக்கு ஒரே பதிலை நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கும் எல்லோருமே, உங்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டியதில்லை.

ஜெல்

கருவிக்கும் தோலுக்கும் நடுவே காற்று புகுந்தால் படம் வராது. அதற்காக ஒரு ஜெல் தடவுவோம். ஏசி அறையில் இருப்பதால் அது சில்லென்று இருக்கும். சித்திரை வெயிலில் சுரங்கத்துக்குள் இறங்கி, இரும்பு தகிக்கும் இயந்திரத்தின் மேல் ஏறி நின்று வேலை செய்கிறவர்கள், ஒரு சொட்டு ஜெல் பட்டதும் "ஐயோ அம்மா" என்று கட்டிலில் எழுந்து உட்கார்ந்துவிடுவார்கள். ஒவ்வொருவரிடமும் மன்னிப்புக் கேட்டு எனக்கு அலுத்துப்போனது.

ஒருநாள் நானும் தனம் அக்காவும் யோசனை செய்து, ஜெல் பாட்டிலைக் காலையிலேயே ஜன்னல் விளிம்பில் வெயிலில் வைத்தோம். அன்று முதலில் வந்தவர் ஒரு வெல்டர். ஜெல் இதமான சூட்டில் இருந்தது. தடவினேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. எனக்குப் பெருமையாக இருந்தது. எல்லாம் முடிந்து, நெஞ்சைத் துடைத்துக்கொண்டு, கதவுவரை போனவர் திரும்பிவந்து தாழ்ந்த குரலில் கேட்டார். "எங்க செக்‌ஷன்ல எல்லாருக்கும் ஜில்லுன்னு போட்டீங்களாமே சிஸ்டர், எனக்கு மட்டும் ஏன் சுடுதண்ணி மாதிரி?"

உள்ளே யார்

இந்தத் தொழிலில் உலவுவது ஒரே ஒரு நகைச்சுவை. மனைவியோடு வரும் கணவர்கள் எல்லோரும் அதைத் தாங்களே அப்போதுதான் கண்டுபிடித்ததுபோலச் சொல்வார்கள். "நல்லாப் பாருங்க சிஸ்டர், உள்ள இவதான் இருப்பா." நான் சிரிப்பேன். அந்தச் சிரிப்பும் என் சம்பளத்தில் அடக்கம்.

ஒரு ஃபோர்மேன் அப்படிச் சொன்னபோது, அவர் மனைவி சிரிக்கவில்லை. கைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். திரைக்குப் பக்கத்தில் வந்து குனிந்து நான்கு அறைகளையும் நிதானமாகப் பார்த்தார். "யாரையும் காணோமே" என்றார். ஃபோர்மேனின் முகம் மாறியது. நான் கருவியை வேறு பக்கம் நகர்த்தினேன். தனம் அக்காதான் காப்பாற்றினார். "உள்ள எப்பிடிம்மா உக்கார முடியும்? ரத்தம் வந்துக்கினு போயிக்கினு இருக்குது. வடலூர் பஸ் ஸ்டாண்டு மாதிரி, நிக்கக்கூட எடம் இல்ல."

சிவப்பும் நீலமும்

இதயத்துக்குள் ரத்தம் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்க்க ஒரு பொத்தான் உண்டு. அதை அழுத்தினால் திரையில் வண்ணம் வரும். கருவியை நோக்கி வரும் ரத்தம் சிவப்பு, விலகிப் போகும் ரத்தம் நீலம். இயந்திரம் பூசுகிற வண்ணம் அது; நிஜத்தில் யாருடைய உடம்பிலும் நீல ரத்தம் கிடையாது. ஆனால் பள்ளிப் புத்தகத்தில் நல்ல ரத்தத்துக்குச் சிவப்பும் கெட்ட ரத்தத்துக்கு நீலமும் பூசிப் படித்த தலைமுறை நாம். நீலத்தைக் கண்டதும் கட்டிலில் இருப்பவருக்கு வியர்க்கத் தொடங்கும்.

ஷிஃப்ட் பஸ் ஓட்டும் டிரைவர் ஒருவர் நீலத்தைப் பார்த்துவிட்டு, "எவ்ளோ கெட்டுப்போச்சு?" என்று கேட்டார். கெடவே இல்லை, போகிற ரத்தத்துக்கு ஒரு வண்ணம், வருகிற ரத்தத்துக்கு ஒரு வண்ணம், அவ்வளவுதான் என்று சொன்னேன். போகக் கூடாத பக்கம் வண்ணம் தெரிந்தால்தான் வால்வு கசிகிறது என்று அர்த்தம், உங்களுக்கு அப்படி இல்லை. அவர் வெகுநேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பயம் போய் வேறு ஏதோ கணக்கு ஓடுவது முகத்தில் தெரிந்தது. "எங்க பஸ்ஸுக்கும் இப்பிடி ரெண்டு கலர் அடிச்சுட்டா தேவலாம் சிஸ்டர். மைன்ஸுக்குப் போற வண்டியில வூட்டுக்குப் போறவன் ஏறித் தூங்கிடறான்."

ஐந்து லிட்டர்

கலியமூர்த்தி சுரங்கத்தில் பம்ப் ஆபரேட்டர். எங்கள் ஊரில் நிலக்கரிக்குக் கீழே தண்ணீர் முட்டிக்கொண்டு நிற்கிறது. இரவு பகலாக அதை இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். நிறுத்தினால் சுரங்கத்தின் தரையைப் பிளந்துகொண்டு மேலே வந்துவிடும். அதனால் எங்கள் ஊர்க்காரர்களுக்கு, வேறு எந்த ஊரிலும் இல்லாத அளவுக்கு, பம்ப்பின் மேல் ஒரு மரியாதை உண்டு. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று அவரை அவர் மனைவி அஞ்சலை கூட்டிவந்திருந்தார்.

படுத்திருந்தவர் திரையைப் பார்த்து, "ஒரு நிமிஷத்துக்கு எவ்ளோ தள்ளும்?" என்று கேட்டார். சும்மா இருக்கும்போது ஏறக்குறைய ஐந்து லிட்டர் என்றேன். அவர் வாய்விட்டுச் சிரித்தார். நெஞ்சு குலுங்கி, படம் ஆடி, கருவியே என் கையிலிருந்து நழுவியது. "அஞ்சு லிட்டரா? எங்க பம்பு கழுத்துல ஒழுவறதே அதவிட ஜாஸ்தி இருக்குமே சிஸ்டர்!"

லீவு

சிரித்து முடித்ததும் அவருக்குத் தன் பம்ப்பின் மேல் கொஞ்சம் பரிவு வந்துவிட்டது. பிறந்ததிலிருந்து நிற்காமல் ஓடுகிறதே, ஓய்வே கிடையாதா என்று கேட்டார். ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் நடுவில் அது ஓய்வெடுக்கிறது என்று சொன்னேன். அமைதியாக இருக்கும்போது, சுருங்கித் தள்ளுகிற நேரத்தைவிடத் தளர்ந்து நிரம்புகிற நேரம்தான் அதிகம். இதயத்தின் சதைக்கு வேண்டிய ரத்தமும் பெரும்பாலும் அந்த ஓய்வில்தான் அதற்குப் போய்ச் சேருகிறது. கலியமூர்த்தியின் பரிவு அந்த நிமிடமே போய்விட்டது. "வேலைய விட லீவு ஜாஸ்தி, சாப்பாடும் லீவுலதான். இது பம்ப் ஹவுஸ் ஆளு இல்ல சிஸ்டர், ஆபீஸ் ஸ்டாஃபு."

டிசைன்

நான்கு அறைகளும் தெரியும் கோணத்தில் கருவியை வைத்தபோது அவர் உற்சாகமாகிவிட்டார். "ரெண்டு பம்பு இருக்குதே! ஒண்ணு ஓடறது, ஒண்ணு ஸ்டாண்ட்பை, சரிதான?" அவர்கள் பம்ப் ஹவுஸில் ஓடுகிற பம்ப்புக்குப் பக்கத்தில் எப்போதும் இன்னொன்று தயாராக நிற்குமாம். இது பழுதானால் அது.

இல்லை என்றேன். வலது பக்கம், உடம்பெல்லாம் சுற்றிவந்த ரத்தத்தை வாங்கி நுரையீரலுக்கு அனுப்புகிறது. அங்கே அது ஆக்சிஜன் ஏற்றிக்கொண்டு இடது பக்கத்துக்கு வருகிறது. இடது பக்கம் அதை உச்சந்தலைக்கும் உள்ளங்காலுக்கும் தள்ளுகிறது. இரண்டும் சேர்ந்தே வேலை செய்கின்றன, ஒன்று நின்றால் மற்றதும் ஓடாது. கலியமூர்த்தி என்னைச் சந்தேகத்தோடு பார்த்தார். நான் எதையோ மறைக்கிறேன் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். "ரெண்டுமே டூட்டியிலன்னா ஸ்டாண்ட்பை எங்க? இத டிசைன் பண்ண இஞ்சினீயர் யாரு சிஸ்டர்?"

தலையாட்டல்

கலியமூர்த்தியின் படத்துக்கும் வண்ணப் பொத்தானை அழுத்தினேன். இடது பக்கத்து மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் இருக்கும் வால்வு சரியாக மூடவில்லை. ஒவ்வொரு துடிப்புக்கும் நீலம் பீறிட்டு, போகக் கூடாத மேலறைக்குள் திரும்பிப் போய்க்கொண்டிருந்தது. டாக்டரைக் கூப்பிட்டேன். அவர் பார்த்துவிட்டு, கலியமூர்த்தியிடம் நேராகவே சொன்னார். முன்னால் போக வேண்டிய ரத்தத்தில் பெரிய பங்கு பின்னால் போகிறது. வால்வை மாற்ற வேண்டும். சென்னையில் செய்வார்கள், அனுப்பிவைக்கிறேன். தள்ளிப்போட்டால் இதயம் வீங்கித் தளர்ந்துவிடும், அப்புறம் மாற்றியும் பிரயோஜனம் இல்லை.

கலியமூர்த்தி சிரிக்கவில்லை, ஒரு கேள்வியும் கேட்கவில்லை. எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். சட்டையைப் போட்டுக்கொண்டு, அஞ்சலைக்கு முன்னால் வேகமாக வெளியே போனார். நல்லவேளை, ஒத்துக்கொண்டார் என்றேன் நான். டாக்டர் கை கழுவிக்கொண்டே சொன்னார். "சண்டை போடறவன் வந்துடுவான்மா. தலையாட்டறவன்தான் வர மாட்டான்."

கெண்டைக்கால்

டாக்டர் சொன்னதுதான் நடந்தது. கலியமூர்த்தி சென்னைக்கும் போகவில்லை, எங்களிடமும் வரவில்லை. அந்தச் சமயத்தில் சுரங்க வாசலில் காவலுக்கு நிற்கும் சேகர் என்பவர் கால் வீக்கத்தோடு வந்தார். இதயம் நன்றாக இருந்தது. பிரச்சினை நிற்பதில். காலுக்கு இறங்கிய ரத்தம் மேலே ஏறுவதற்குக் கெண்டைக்கால் சதை ஒரு பம்ப் மாதிரி உதவுகிறது. நடந்தால் சதை இறுகி ரத்தத்தை மேலே தள்ளும். சும்மா நின்றால் ரத்தம் அங்கேயே தேங்கும். அடிக்கடி நாலு எட்டு நடங்கள் என்று டாக்டர் சொன்னார்.

நான் கலியமூர்த்தியைப் பற்றிக் கேட்டேன். சேகர் தெரியும் என்றார். மெடிக்கல் லீவில் இருக்கிறாராம். ஆனாலும் சாயங்காலம் வாசல்வரை வருவாராம். உள்ளே போவதில்லை. தூரத்தில் பம்ப் ஓடும் சத்தத்தைக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டுத் திரும்பிப் போய்விடுவாராம். முன்பெல்லாம் சைக்கிளை மிதித்து வந்தவர் இப்போது தள்ளிக்கொண்டு வருகிறார், நடுவில் இரண்டு இடத்தில் நிற்கிறார் என்றார் சேகர். சேகர் தன் விஷயத்துக்குத் திரும்பினார். "நின்னா டூட்டி, நடந்தா மெமோ. நான் நடக்கிறது என் ரத்தத்துக்காகன்னு எங்க ஆபீசருக்கு நீங்கதான் மேடம் எழுதித் தரணும்."

அக்கா கேட்டது

கடைசியில் அஞ்சலை அவரை ஆட்டோவில் ஏற்றி இழுத்துக்கொண்டு வந்துவிட்டார். டாக்டர் வார்டில் இருந்தார். கலியமூர்த்தி கட்டிலில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். "ஆஸ்பத்திரிக்கெல்லாம் வர முடியாது, செத்துப்போனா சொல்லியனுப்புன்றாரு" என்று அஞ்சலை சுவரைப் பார்த்துச் சொன்னார். தனம் அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு அவர் முன்னால் நின்றார். "இன்னாண்ணே, அவனவன் போயி மாத்திக்கினு வந்து ஜம்முனு சுத்திக்கினு இருக்கறான். ஒனக்கு இன்னா பயம், அத வாயத் தொறந்து சொல்லு."

கலியமூர்த்தி மெல்லிய குரலில், "இதயத்த நிறுத்திட்டுத்தான் வால்வ மாத்துவாங்களாமே" என்றார். புயல் அடித்த வருடம் முழங்கால்வரை தண்ணீர் ஏறியபோதுகூட அவர் ஷிஃப்டில் பம்ப் நின்றதில்லையாம். பக்கத்துப் பம்ப்பை ஓட்டிவிட்டுத்தான் ஒரு பம்ப்பில் கைவைப்பார்களாம். இதற்குத்தான் ஸ்டாண்ட்பை இல்லையே, நிறுத்தினால் அவ்வளவுதானே. நான் பயிற்சிக் காலத்தில் ஆபரேஷன் தியேட்டரில் பார்த்ததைச் சொன்னேன். இதயத்தை நிறுத்துவதற்கு முன்னால் வெளியே ஒரு இயந்திரத்தை ஓட விடுவார்கள். இதயத்துக்குத் திரும்பும் ரத்தத்தை அது வழியிலேயே வாங்கி, ஆக்சிஜன் ஏற்றி, பெரிய ரத்தக்குழாயில் தள்ளும். வால்வை மாற்றி முடிக்கும்வரை உடம்பெங்கும் ரத்தம் ஓடிக்கொண்டேதான் இருக்கும். அவர் கண்கள் அகலமாகத் திறந்தன. சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே எழுந்து நின்றார். "ஸ்டாண்ட்பை வெளிய இருக்குதுன்னு மொதல்லயே சொல்லியிருந்தா நான் எதுக்கு சிஸ்டர் ஓடி ஒளிஞ்சிக்கினு இருக்கப்போறேன்?"

கைப்பிடி

மறுநாள் கதவு திறக்கும்போதே வாசலில் நின்றார், கேள்விகளோடு. கரண்ட் போனால்? "கரண்ட் செய்யற ஊர்ல இருந்துக்கினு இந்தக் கேள்விய கேக்கறியே" என்று தனம் அக்கா தலையில் அடித்துக்கொண்டார். இயந்திரத்துக்கு பேட்டரி உண்டு, அதுவும் போனால் கையால் சுற்ற ஒரு கைப்பிடிகூட உண்டு என்றேன். கைப்பிடி என்றதும் அவருக்கு அந்த இயந்திரத்தின் மேல் முழு நம்பிக்கை வந்துவிட்டது. ஆனால் ஆபரேட்டர் மேல் வரவில்லை. அதை ஓட்டுகிற ஆள் பக்கத்திலேயே இருப்பாரா, நடுவில் ஷிஃப்ட் மாறுமா, டீ குடிக்கப் போவாரா?

என்னோடு படித்த ஒருத்தி சென்னையில் அந்த இயந்திரத்தைத்தான் ஓட்டுகிறாள். அவர் எதிரிலேயே அவளுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்துக் கேட்டேன். மறுமுனையில் சிரிப்பு அடங்கவே நேரமானது. "எல்லாரும் பிழைப்பேனான்னு கேப்பாங்க, எங்க டீயைப் பத்தி யாருமே கேட்டதில்லடி. இயந்திரம் நிக்கிறவரைக்கும் எழுந்திருக்க மாட்டோம்னு அவர்கிட்டச் சொல்லு, சத்தியமா."

அட்டை

சென்னைக்குக் கிளம்பும் முன் இருவரும் சொல்லிக்கொள்ள வந்தார்கள். கலியமூர்த்தி சட்டைப்பையிலிருந்து ஒரு சிவப்பு அட்டையை எடுத்தார். மூலை மடங்கி, எழுத்து பாதி தேய்ந்திருந்தது. 'ஆட்கள் வேலை செய்கிறார்கள், சுவிட்சைத் தொடாதே.' பம்ப்பைப் பிரித்து வேலை செய்யும்போது இந்த அட்டையைச் சுவிட்சில் கட்டித் தொங்கவிடுவார்கள். கட்டிய ஆள்தான் அவிழ்க்க வேண்டும். மேலதிகாரியே வந்தாலும் கை வைக்கக் கூடாது. பம்ப்பை ஓட்டிப் பார்த்துத் திருப்தியான பிறகுதான் அவிழ்ப்பது. அங்கே அது எழுதாத சட்டம்.

அஞ்சலையின் கையில் ஒரு ரெக்ஸின் பை இருந்தது. கலியமூர்த்தி குனிந்து, அதன் கைப்பிடியில் அட்டையை மூன்று முடிச்சுப் போட்டுக் கட்டினார். "ஆபரேஷன் முடிஞ்சி நான் வந்து கழட்டற வரைக்கும் யாரும் தொடக் கூடாது" என்றார். தனம் அக்கா காரணமில்லாமல் கட்டில் விரிப்பை இழுத்துச் சரிசெய்தார். அஞ்சலை பையையும் பார்த்து, அவரையும் பார்த்தார். "உள்ள வழிச்சாப்பாட்டுக்கு இட்டிலி வெச்சிருக்கேன்யா. அதத் தொறக்கறதுக்காவது பர்மிட்டு உண்டா, இல்ல பட்டினிதானா?"

ஓட்டிப் பார்த்தது

சில மாதம் கழித்து டாக்டர் வரச் சொல்லியிருந்த நாளில் வந்தார்கள். கலியமூர்த்தி மாடிப்படி ஏறி வந்தார், அஞ்சலை பின்னால் மூச்சு வாங்க வந்தார். அவருக்கு உலோக வால்வு வைத்திருந்தார்கள். அது மூடும்போது டிக் என்று ஒரு சத்தம். அறை அமைதியாக இருந்தால் பக்கத்தில் நிற்பவருக்கும் கேட்கும். கலியமூர்த்திக்கு அதில் ஏக சந்தோஷம். படுத்துக்கொண்டே தன் பம்ப்பின் சத்தத்தைக் கேட்கலாம், வாசல்வரை சைக்கிள் மிதிக்க வேண்டியதில்லை. அஞ்சலைக்கு வேறு ஒரு சந்தோஷம். "உப்பு ஆவாதுன்னு சொல்லியிருக்காங்க இல்ல? நைசா ஊறுகா ஜாடிகிட்ட வருவாரு. டிக்கு டிக்குன்னு சத்தம் காட்டிக் குடுத்துடும்."

சிவப்பு அட்டை இன்னும் பையிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரியில் கண் விழித்த மறுநாளே அதை அவிழ்க்கப் பார்த்தாராம். அஞ்சலை விடவில்லை. "ஓட்டிப் பாக்காம கழட்டக் கூடாதுன்னு நீதானய்யா சொன்ன. நம்மூர்ல சிஸ்டர் பாக்கட்டும், அப்பறம் கழட்டு" என்றாராம். நான் கருவியை வைத்தேன். வண்ணப் பொத்தானை அழுத்தினேன். சிவப்பு வந்து கீழறையை நிரப்பியது. வால்வு மூடியது. மேலறைக்குள் நீலம் திரும்பவில்லை. அடுத்த துடிப்பிலும் திரும்பவில்லை. டாக்டர் வந்து என் தோளுக்கு மேலாகப் பார்த்தார். "நல்லா ஓடுது கலியமூர்த்தி" என்றார்.

கலியமூர்த்தி நெஞ்சைத் துடைக்காமலே எழுந்து பைக்குப் போனார். மாதக்கணக்கில் இறுகிப்போன முடிச்சுகள். நகத்தால் முடியாமல் கடைசி முடிச்சைப் பல்லால் கடித்து இழுத்தார். தனம் அக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார், "விடுங்க" என்று சொல்ல அவருக்கு யாரும் இல்லை. அட்டை கைக்கு வந்தது. அதைத் தட்டிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு எல்லோரையும் பார்த்துச் சிரித்தார். அஞ்சலை முந்தானையால் கண்ணை ஒரு தடவை அழுத்தித் துடைத்தார். பிறகு பையைத் தூக்கி அவர் கையில் திணித்தார். "கழட்டிட்ட இல்ல? வேலை முடிஞ்சிது. இந்தாய்யா, இனிமே பைய நீயே தூக்கு."

இதயம் யாரையும் கேட்காமல் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது, அதைப் பார்க்க வருகிறவர்கள்தான் ஜெல் ஏன் இவ்வளவு சில்லென்று இருக்கிறது என்று இன்றுவரை என்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.